காற்றுக்குக் காத்திருந்த கப்பல்: இப்னு ஜுபைரின் மீள்பயணம்

அரபுப் பயண இலக்கியத்தை ஆராய்வோர் இப்னு ஜுபைரின் 'ரிஹ்லா'வை எடுத்துக்கொண்டால் மக்கா, பக்தாத், டமாஸ்கஸ் ஆகிய நகரங்களைப் பற்றிய அவருடைய வருணனைகளோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். ஊர் திரும்பிய கடற்பயணம் ஏதோ பின்னிணைப்பைப் போலக் கடந்து செல்லப்படுகிறது. நூலின் உயிர் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதை இன்று மீண்டும் படிக்க வேறொரு காரணமும் உண்டு.

மத்தியதரைக் கடலில் கோடை முழுவதும் உல்லாசப் பயணிகளைச் சுற்றிக்காட்டும் பெருங்கப்பல்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் கடலுக்குச் செல்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வருகின்றன. கப்பல் எப்படியும் போயாக வேண்டும். எனவே ஒருவழிச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பும் ஒருவர், ஒரு பகலில் முடிந்துவிடும் விமானப் பயணத்தை விட்டுவிட்டு, பார்சிலோனாவில் கப்பலேறி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஃபுளோரிடாவில் இறங்கலாம். அப்படித் திரும்பியவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகள் இப்போது தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டன. விமானம் பயணத்தைக் கொன்றது, கப்பல் அதை உயிர்ப்பித்தது என்பதே அவற்றின் பொதுவான வாதம். இந்த வாதம் எந்த அளவுக்குச் செல்லும் என்பதை உரைத்துப் பார்க்க இப்னு ஜுபைரைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

வலென்சியாவில் 1145இல் பிறந்து, கிரனாடாவின் முவஹ்ஹிதூன் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றியவர் அவர். ஹிஜ்ரி 578இல், அதாவது 1183 பிப்ரவரியில், ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். ஸப்தாவில் ஜெனோவாக்காரர்களின் கப்பலில் ஏறி முப்பது நாட்களில் அலெக்சாந்திரியாவை அடைந்தார். ஹஜ்ஜை நிறைவேற்றி, இராக்கையும் ஷாமையும் சுற்றியபின், 1184 அக்டோபரில் சிலுவைப்போராளிகளின் வசமிருந்த அக்கா துறைமுகத்தில் தாயகம் திரும்பக் கப்பலேறினார். அதுவும் ஜெனோவாக்காரரின் கப்பல்தான். உடன்வந்த கிறிஸ்தவ யாத்திரிகர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று அவரே கணக்கிடுகிறார். ஸலாஹுத்தீன் அய்யூபிக்கும் சிலுவைப்போராளிகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய துறைமுகத்திலிருந்து அவர்களுடைய சமயத்தாரின் கப்பலில் ஒரு முஸ்லிம் வீடு திரும்புகிறார்! அந்த முரணை அவர் மூடி மறைக்கவில்லை.

அக்காவில் அவர் கற்ற முதற்பாடம் காற்றைப் பற்றியது. மேற்கு நோக்கிச் செல்ல உதவும் கீழைக்காற்று ஆண்டுக்கு இருமுறைதான் வீசும், வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை. அக்டோபர் நடுவில் தொடங்கும் இரண்டாவது பருவம் மிகக் குறுகியது என்று விளக்குகிறார். இன்றைய கப்பல்கள் இடம்மாறுவதும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் என்பது வியப்பான ஒற்றுமை. எனினும் ஒற்றுமை நாட்காட்டியோடு முடிந்துவிடுகிறது. அன்று பருவத்தைத் தீர்மானித்தது காற்று. இன்று தீர்மானிப்பது விடுமுறைச் சந்தை.

கப்பலில் ஏறிய பின்னும் காற்று வாய்க்காமல் பன்னிரண்டு நாட்கள் துறைமுகத்திலேயே கிடந்தார்கள். ஓரிரவு தூங்குவதற்காகக் கரைக்குச் சென்றார் நம் ஆசிரியர். விடியலில் காற்று எழுந்தது, கப்பல் போய்விட்டது. துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் துரத்திச் சென்று, மாலையில்தான் எட்டிப் பிடித்தார்கள். இந்நிகழ்ச்சியை அவர் சொல்லும் விதத்தில் தம்மையே நகையாடும் மெல்லிய தொனி இருக்கிறது. அரண்மனை எழுத்தருக்குரிய எதுகைநடை இங்கே தளர்ந்து, மூச்சுவாங்கும் வாக்கியங்களாக மாறிவிடுகிறது. நகர வருணனைகளில் இந்த நடை காணக் கிடைப்பதில்லை.

கப்பலுக்குள் ஒரு சந்தையே நடந்ததை எழுதுகிறார். ரொட்டி, மாதுளை, அத்திப்பழம், கொண்டைக்கடலை, வெங்காயம், பாலாடைக்கட்டி என்று நகரத்தில் கிடைப்பதெல்லாம் அங்கே விற்பனைக்குக் கிடைத்தன. பாய்மரம் புயலில் முறிந்தது, காற்று எதிர்த்தது, பயணம் நீண்டது. கொண்டுவந்த உணவு தீரத் தொடங்கிய பிறகு அந்தச் சந்தைப் பட்டியலின் பொருளே மாறிவிடுகிறது. பயணிகள் இறந்தார்கள், உடல்கள் கடலில் இடப்பட்டன. கடலில் இறந்தவரின் உடைமைகள் கப்பல் தலைவனுக்கே சேரும், வாரிசுக்குக் கிடைக்காது என்ற வழக்கத்தை அவர் வியப்போடு பதிவு செய்கிறார். வாரிசுரிமைச் சட்டம் கற்ற ஒருவரின் கண் அங்கே நிற்பது இயல்பே.

இன்றைய கட்டுரைகளில் உணவுப் பட்டியல் தவறாமல் இடம்பெறுகிறது. எத்தனை உணவகங்கள், எத்தனை வேளை என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆனால் பட்டியல் பட்டியலாகவே இருந்துவிடுகிறது. தீர்ந்துபோகாத உணவுக்குக் கதை இல்லை.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ரிஹ்லா' முழுவதும் பிறைக் கணக்கில் அமைந்த நூல். ஒவ்வொரு மாதத்தின் பிறையும் ஓர் அத்தியாயத்தைத் திறக்கிறது, கடல் நடுவிலும் அப்படியே. மேற்கு நோக்கிச் செல்லும் இன்றைய கப்பலில் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளி வைக்கிறார்கள். பயணிக்கு 25 மணி நேர நாள் கிடைக்கிறது. இதைப் பரிசாகக் கொண்டாடும் கட்டுரைகளைப் படிக்கும்போது, தொழுகை நேரத்தைக் கணக்கிட வேண்டிய ஒருவர் இதையே எப்படி எழுதியிருப்பார் என்ற எண்ணம் எழுகிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் கப்பலை மிக நுணுக்கமாக அறிந்தவை. ஓடும் கப்பலில் காரணமின்றியும் உட்கார்ந்து தொழலாம் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. தக்க காரணம் வேண்டும் என்றனர் அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும். கப்பல் திரும்பினால் தொழுபவர் கிப்லாவை நோக்கித் திரும்ப வேண்டும் என்ற சட்டமும் உண்டு. தரை அசைகிறது என்பதை மறக்காத ஓர் அறிவு மரபு அது. தரை அசைவதே தெரியக் கூடாது என்பதற்காகப் பக்கவாட்டில் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகளைப் பொருத்துகிறது இன்றைய கப்பல்.

அணியிலக்கணம் கற்பிப்போர் 'இல்திஃபாத்' என்னும் திருப்பத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது சூரா யூனுஸின் 22ஆம் வசனம். கப்பலில் ஏறியவர்களை முன்னிலையில் விளித்துத் தொடங்கும் அவ்வசனம், இடையில் அவர்களையே படர்க்கைக்கு மாற்றிவிட்டு, புயலில் அவர்கள் சிக்குவதைச் சொல்கிறது. அவர்களுடைய நிலையை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டி வியக்கச் செய்வதுபோல இது அமைந்துள்ளது என்று ஸமக்ஷரி தம் 'கஷ்ஷாஃப்' விரிவுரையில் நயம் காண்கிறார். இப்னு ஜுபைரின் கடற்பகுதியைப் படிக்கும்போது இந்த இலக்கணமே எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுகிறது. அமைதியான நாட்களில் அவருடைய 'நாம்' முஸ்லிம்கள் மட்டுமே. நவம்பர் முதல்நாளின் முந்திய இரவில் கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டாடியதை, கப்பல் முழுவதும் ஒளிர்ந்த அழகோடு எழுதினாலும், ஓரமாக நின்று பார்ப்பவராகவே எழுதுகிறார். ஆனால் காற்று எதிர்த்து, உணவு குறைந்து, கரைக்காக ஏங்கும் பக்கங்களில் 'நாம்' யார் என்று பிரிப்பது கடினமாகிவிடுகிறது. இதை மிகைப்படுத்தக் கூடாது. கப்பல் உடையும் இரவில் அவர் மீண்டும் கோடு கிழிக்கிறார். கிறிஸ்தவர்கள் புலம்பினார்கள், முஸ்லிம்கள் இறைவிதிக்குப் பணிந்தார்கள் என்கிறார். நட்புறவுக்குச் சான்றாக மட்டும் இந்நூலைக் காட்ட விரும்புவோர் இவ்விடத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள். அது நேர்மையான வாசிப்பு ஆகாது.

அக்காவை விட்டு ஐம்பது நாட்களுக்குப் பிறகு, ஹிஜ்ரி 580 ரமளான் தொடக்கத்தில், மெஸ்ஸினா நீரிணையில் கப்பல் உடைந்தது. கரைக்கு ஏற்றிச்செல்லப் படகுக்காரர்கள் பெருந்தொகை கேட்டார்கள். சிசிலியின் மன்னர் இரண்டாம் வில்லியம் தற்செயலாக அங்கே இருந்தார். கட்டணம் செலுத்த இயலாத ஏழை முஸ்லிம்களுக்காகத் தம் நாணயத்தில் நூறு ரூபாயீ கொடுக்கச் செய்தார். இப்னு ஜுபைர் இதை மனமார எழுதுகிறார். சில பக்கங்களுக்கு அப்பால் சிசிலி முஸ்லிம்கள் படும் துயரத்தையும் அதே கையால் எழுதுகிறார். கிறிஸ்தவ ஆட்சியாளர்களைக் குறிப்பிடும்போது வழக்கமான சாபச் சொற்றொடர்களைச் சேர்க்கும் அவருடைய பேனா, கண்ட நன்மையைக் கண்டபடி எழுதத் தயங்கவில்லை. தேர்ந்தெடுக்காத துணைவர்களோடு, தப்ப வழியில்லாமல் இருந்ததே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

'ஸஃபர்' என்ற சொல்லின் வேரில் திரை விலகுதல் என்ற பொருளும் உண்டு. பயணம் மனிதனின் குணத்தை வெளிக்காட்டும் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொல்வர். நம் கடலோர ஊர்களில் அச்சொல் 'சபர்' ஆகி, பிழைப்புக்காகக் கடல் கடந்தவரைச் 'சபராளி' ஆக்கியது. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன சபராளிக்குக் கப்பல் ஒரு தெரிவாக இருக்கவில்லை. விமானத்தை மறுத்துக் கப்பலேறுபவருக்கோ அது தெரிவு மட்டுமே. மெதுவாகப் போனதால் மட்டுமே ஒருவரின் திரை விலகிவிடுவதில்லை. இறங்கும் நாள், அறை எண், அடுத்தவேளை உணவு அனைத்தும் முன்கூட்டியே விலைக்கு வாங்கப்பட்ட இடத்தில் எழுத்தாளருக்கு எஞ்சுவது தம் மனநிலை ஒன்றுதான். அக்கட்டுரைகள் அதையே திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அதே கப்பலின் கீழ்த்தளங்களில் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். அந்தக் கப்பலின் சபராளிகள் அவர்கள்தாம். அவர்களில் ஒருவர் பேனாவை எடுத்தால் நமக்கு ஒரு ரிஹ்லா கிடைக்கக்கூடும்.

இப்னு ஜுபைர் 1185 ஏப்ரலில் கிரனாடா வந்து சேர்ந்தார். வீடு திரும்பிய மகிழ்ச்சிக்கு அவர் ஒதுக்கியவை சில வரிகளே. புறப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளும் மூன்றரை மாதங்களும் ஆயின என்று பிறைக் கணக்கில் கணக்கிட்டுச் சொல்லி, இறைவனைப் புகழ்ந்து நூலை முடித்துவிடுகிறார்.