பில்லுக்கு மன்னிப்பு

ஜீவ்ஸ் கதைகளைப் படித்துச் சிரித்தவர்களில் பலருக்கு, பி. ஜி. வுட்ஹவுஸ் நியூயார்க் மேடைக்குப் பாட்டெழுதியவர் என்பது தெரியாது. ‘ஓ, லேடி! லேடி!!’ (1918) இசை நாடகத்துக்காக, ஜெரோம் கெர்னின் இசைக்கு அவர் எழுதிய பாடல் ‘பில்’. நாடகம் நியூயார்க் வருமுன்பே அது நீக்கப்பட்டது.

பாடுபவள் ஒரு பெண். பேரழகன் வருவான் என்று கனவு கண்டவள், எந்தச் சிறப்புமில்லாத பில்லை விரும்பிவிடுகிறாள். காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வழக்கமாகப் பெண்ணின் முகத்தையும் உடலையும்தான் எடைபோடுவார்கள். இங்கே அவள் ஆணை எடைபோடுகிறாள். நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது. ஆனால் எடை குறைந்தாலும் அவனுக்கு இழப்பில்லை, அன்பு முழுதாகக் கிடைத்துவிடுகிறது.

1927இல் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் சொற்களைச் சற்றே மாற்ற, அதே பாடல் ‘ஷோ போட்’டில் இடம்பெற்றது. ஜூலியாக நடித்த ஹெலன் மார்கன் பாடினார். ஜூலி கறுப்பின மூதாதையர் வழிவந்தவள். வெள்ளையனை மணந்தது சட்டப்படி குற்றம் என்பதால் படகை விட்டு வெளியேறியவள். பின்னர் கணவனும் கைவிட, குடியில் மூழ்கி, சிகாகோ கேளிக்கை விடுதியின் ஒத்திகையில் இதைப் பாடுகிறாள்.

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. விட்டுப்போனவனைக்கூட நியாயப்படுத்தும் குரலாக அது கேட்கிறது. வுட்ஹவுஸின் வேடிக்கைக்குள் இந்த மன்னிப்பு முதலிலிருந்தே இருந்தது; ஜூலியின் வாழ்க்கைதான் அதை வெளிக்காட்டியது. எந்தச் சிறப்புமில்லாத ஒரு பெண்ணுக்காக எந்த ஆண் இப்படிப் பாடியிருக்கிறான்?