வெள்ளை உடையில் இறங்கிய மாணவர்

காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை நாட்டு விடுதலையின் முன்னுரையாகவே நம்மில் பலர் படித்துவிடுகிறோம். அதன் இலண்டன் அத்தியாயங்களை, அயல்நாட்டில் கல்வி கற்கச் சென்ற பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் தடுமாற்ற வரலாறாகத் தனியே எடுத்துப் படிப்பவர் குறைவு. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் பெற்றோர் அவ்வாறு படித்துப் பார்க்கலாம்.

பண்பாட்டு அதிர்ச்சியைப் படிப்படியாக விளக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், புதிய நாட்டின் மீதுள்ள மயக்கத்தை முதற்படியாக வைத்தார். இந்நூலில் அந்த மயக்கத்திற்கே இடமில்லை. 1888 செப்டம்பர் இறுதியில் வெள்ளைப் பிளானல் உடையோடு கரையிறங்குகிறார் இளைஞர். அவ்வுடையில் இருந்தவர் அவர் ஒருவரே. மாற்றுடை இருந்த பெட்டிகள் முகவரிடம் சென்றுவிட்டன, மறுநாளோ ஞாயிறு. அன்று மாலை நண்பர் டாக்டர் மேத்தாவின் பட்டுத் தொப்பியைத் தவறான பக்கமாகத் தடவிவிட்டு, பிறர் பொருளைத் தொடலாகாது என்ற முதற்பாடத்தையும் பெறுகிறார்.

இரவுகளில் தாயை நினைத்து அழுததாகவும் சொல்கிறார். ஆனால் சில வரிகளில் கடந்துவிடுகிறார். இங்கேதான் நமக்கு ஆசிரியரோடு ஒரு வழக்கு உண்டு. மாலையுடைக்குப் பத்துப் பவுன், தொப்பிக்குப் பத்தொன்பது ஷில்லிங், நடனத்திற்கு இவ்வளவு, வயலினுக்கு இவ்வளவு என்று செலவை விரித்தெழுதியவர் கண்ணீரை ஏன் சுருக்கினார்? ஐம்பது வயதைக் கடந்து எழுதிய பெரியவர், அந்த இளைஞரின் ஆடம்பரத்தைக் கண்டிக்க விரைகிறார். அதன் அடியில் கிடந்த தனிமையைப் பொறுமையாகப் பார்க்கவில்லை. ஏறத்தாழ மூன்றே மாதங்களில் தணிந்த அந்த மோகம், மற்றவர் கண்ணுக்குத் தாம் வேற்றாளாய்த் தெரிகிறோமே என்ற அச்சம் அன்றி வேறென்ன?

தேறுதல் வந்த விதமோ வியப்புக்குரியது. தாய்க்குக் கொடுத்த வாக்கு அவரைப் பட்டினி போட்டது. விடுதிக்காரரின் பெண்மக்கள் பரிவோடு பரிமாறிய ஓரிரு ரொட்டித் துண்டுகள் பசிக்குப் போதவில்லை, கேட்கவும் கூச்சம். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடியவர், ஃபாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டார். அங்கேயே ஹென்றி சால்ட்டின் நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். அதுவரை தாய்க்காகக் காத்த விரதம், ஓர் ஆங்கிலேயரின் எழுத்தால் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. பிறகு பேஸ்வாட்டரில் மரக்கறி உணவாளர் சங்கம் தொடங்கிச் செயலரானார்; எட்வின் அர்னால்டு துணைத் தலைவர். ஊராரோடு ஒட்டவிடாமல் தடுத்த அதே விரதம்தான் ஊராரை அவருக்கு நண்பர்களாக்கியது. நடன வகுப்பால் இயலாத செயல் இது.

நம் வாசகர்கள் தவறவிடக்கூடாத அத்தியாயம் நாராயண ஹேமசந்திரரைப் பற்றியது. ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசும் விசித்திரமான எழுத்தாளர். உடையைப் பற்றிக் கவலையே அற்றவர். 1889ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிவுற உழைத்த கர்தினால் மேனிங்கை நேரில் பாராட்ட விரும்பி, காந்தியாரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்கிறார். காந்தியார் மரியாதைக்குரிய உடுப்பில். ஹேமசந்திரர் வழக்கமான பழைய கோட்டில். கேலி செய்தவரைப் பார்த்து, நாகரிகர்களாகிய நீங்கள் கோழைகள், பெரியவர்கள் உள்ளத்தையே நோக்குவர் என்று சிரித்துவிடுகிறார் அவர். முதிய கர்தினால் இருவருக்கும் கைகொடுத்து வரவேற்றார். அதிர்ச்சியே அடையாத அயலவர் ஒருவரை இந்த ஓர் இடத்தில்தான் நூல் நமக்குக் காட்டுகிறது. அவருக்கு ஆசிரியர் காட்டும் அன்பில் சிறிது பொறாமையும் கலந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

1891 ஜூன் 12இல் கப்பலேறிய மகன் பம்பாயில் இறங்கியபோதுதான் தாய் இறந்துவிட்ட செய்தி தெரிகிறது. அந்நிய மண்ணில் அதிர்ச்சி தாங்கமாட்டார் என்று அண்ணன் மறைத்திருந்தார். அந்த மறைப்பு முறைதானா என்று நூல் கேட்கவில்லை. அந்தத் துயரையும் ஆசிரியர் ஒரு பத்திக்குள் அடக்கிவிட்டு, அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார்.