ஓர் அரைப்புள்ளிக்குப் பதினொரு பிழையா?

தமிழ்வழியில் படித்துவிட்டு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கல்லூரியில் சேர்ந்து, முதன்முதலாக 'சி' மொழியில் நிரல் எழுதும் மாணவரை மிரட்டுவது கணக்கு அன்று. திரையில் வரும் பிழைப்பட்டியலே. அப்பட்டியலில் பல வரிகள் மாணவர் செய்த பிழையே அல்ல என்பது என் குற்றச்சாட்டு.

நான்காம் வரியில் மதிப்பெண்ணுக்கு ஒரு மாறியை அறிவித்து, 40 என்று மதிப்பும் கொடுத்து, இறுதியில் அரைப்புள்ளி இட மறந்துவிட்டார் என்று கொள்வோம். ஐந்தாம் வரியின் முதற்சொல்லைக் கண்ட பிறகுதான் கம்பைலர் தவறை உணர்கிறது. எனவே பழைய கம்பைலர்கள் ஐந்தாம் வரியையே குற்றஞ்சாட்டின. மாணவர் அவ்வரியை உற்று உற்றுப் பார்க்கிறார், அங்கே ஒன்றுமில்லை!

இதோடு நின்றாலும் பரவாயில்லை. குழம்பிய கம்பைலர், அடுத்த அரைப்புள்ளி வரும்வரை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதற்கப்பால் மீண்டும் படிக்கத் தொடங்குகிறது. 'பீதி முறை' என்று இதற்குப் பெயர். திண்டிவனத்தில் கண்ணயர்ந்த பயணி மயிலத்தையும் பேரணியையும் விட்டுவிட்டு விக்கிரவாண்டியில் விழித்துக்கொள்வது போல. முறை எளியது, குறையுடையதும் அன்று. ஆனால் தள்ளியவற்றோடு மாறியின் அறிவிப்பும் போய்விட்டால்? பின்னர் அம்மாறி வரும் பத்து இடங்களிலும் 'அறிவிக்கப்படாத பெயர்' என்று பத்துப் பிழைகள்!

பரிகாரம் கடினமன்று. அறிவிப்பு அரைகுறையானாலும் பெயரைக் குறியீட்டு அட்டவணையில் சேர்த்துவிட வேண்டும். வகை தெரியாவிட்டால் 'பிழைவகை' என்று குறித்துக்கொண்டு, அப்பெயர் மீண்டும் வரும்போது வாய்மூடி இருக்க வேண்டும். ஜி.சி.சி. கம்பைலர் 'சி' நிரல்களில் அறிவிக்கப்படாத பெயரை ஒரு செயற்கூறுக்கு ஒருமுறை மட்டுமே சொல்வது இப்படித்தான். கிளாங் கம்பைலரோ அரைப்புள்ளி விடுபட்ட இடத்தையே குறியிட்டுக் காட்டுகிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1970களில் பயன்பட்ட பி.எல்/சி கம்பைலர் இன்னும் ஒருபடி மேலே போய், பிழையைத் தானே திருத்தி நிரலை ஓட்டியும் காட்டியது. துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக் கிடந்த காலத்தில் அது பேருதவி. இன்று அது வேண்டாம். கம்பைலரின் ஊகத்தை மாணவர் தம் விடை என்று நம்பிவிடுவார். 1983இல் வந்த டர்போ பாஸ்கல் நேரெதிர்: முதற்பிழையிலேயே நின்று, கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். கம்பைல் செய்வது நொடியில் முடியும்போது இதில் என்ன இழப்பு? தொடக்க மாணவருக்கு இதுவே மேல் என்பேன்.

செய்திகள் தமிழில் வந்தால் போதும் என்பாரும் உளர். 'எழில்' போன்ற தமிழ் நிரல்மொழிகள் வந்திருப்பது மகிழ்ச்சியே. ஆனால் ஐந்தாம் வரியைத் தமிழில் குற்றஞ்சாட்டினாலும் பிழை இருப்பது நான்காம் வரியில்தானே?

எனவே மாணவர்களே, பட்டியல் எவ்வளவு நீண்டாலும் முதற்பிழையை மட்டும் பாருங்கள். அதற்கு முந்திய வரியையும் பாருங்கள். திருத்தியதும் மீண்டும் கம்பைல் செய்யுங்கள்.