திரை ஒன்று, ஆவணங்கள் பல

சொற்செயலியை மதிப்பிடுவோர் அதன் எழுத்துருக்களையும் பிழைதிருத்தியையும் பற்றி விரிவாகப் பேசுவர். ஒரே வேளையில் நான்கு ஆவணங்களைத் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு அது எந்த அளவு துணை நிற்கிறது என்ற கேள்வியோ அரிதாகவே எழுகிறது. பலரும் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் வேர்டை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

ஓர் ஆசிரியர் இயற்பியல் வினாத்தாள் தயாரிக்கிறார் எனக் கொள்வோம். பாடத்திட்டம், சென்ற ஆண்டு வினாத்தாள், புதிய வினாத்தாள், விடைக்குறிப்பு ஆகிய நான்கும் திறந்திருக்கின்றன. 5 கிலோகிராம் பொருளின் மீது 10 நியூட்டன் விசை செயல்படும் கணக்கில், விசையை 20 நியூட்டன் என மாற்றுகிறார். முடுக்கம் 2 என்பது 4 ஆகிவிடுகிறது. விடைக்குறிப்பில் அதை மாற்ற மறந்தால், சரியாகக் கணக்கிட்ட மாணவன் மதிப்பெண் இழப்பான். ஆவணங்களைக் கையாள்வது வெறும் வசதி பற்றிய பிரச்சினை அன்று என்பது இதனால் விளங்கும்.

வளர்ச்சி

1989-இல் வெளிவந்த வேர்டுபெர்ஃபெக்ட் 5.1 இரண்டு ஆவணங்களை ஒருங்கே திறக்க இடம் தந்தது. ஷிஃப்ட் விசையுடன் எஃப்-3 விசையை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். வேர்டு 97 வரை, ஒரு பெரிய சாளரத்துக்குள் எல்லா ஆவணங்களும் அடங்கியிருந்தன. வேர்டு 2000 பதிப்பில் ஒவ்வோர் ஆவணமும் தனிச் சாளரம் பெற்றது. திரையின் அடியிலுள்ள பணிப்பட்டையிலும் தனித்தனியே இடம் பிடித்தது.

இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. இரண்டு திரைகள் உள்ள கணிப்பொறியில் ஒன்றில் வினாத்தாளையும் மற்றதில் விடைக்குறிப்பையும் எளிதாக வைக்கலாம். எக்செல் இந்த நிலையை அடைந்தது 2013 பதிப்பில்தான்.

குறை எங்கே?

வேர்டு ஆவணத்தை அறிகிறது, வேலையை அறிவதில்லை. மேற்சொன்ன நான்கு ஆவணங்களும் ஒரே பணியின் உறுப்புகள் என்பது அதற்குத் தெரியாது. மாலையில் மூடிவிட்டால், மறுநாள் காலை ஒவ்வொன்றாகத் தேடித் திறக்க வேண்டியதுதான். இணைய உலாவிகள் முன்பு திறந்திருந்த பக்கங்களை மொத்தமாக மீட்டுத் தருகின்றன. எக்செலிலும் பல கோப்புகளை ஒரு தொகுதியாகச் சேமித்து வைக்கும் வசதி 2010 பதிப்பு வரை இருந்தது. 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். வளர வேண்டிய நல்ல கருத்து ஒன்று கிள்ளி எறியப்பட்டது.

இதனால் நினைவில் வைக்கும் சுமை முழுவதும் மனிதன் தலையில் விழுகிறது. மனம் ஒரு நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளையே கவனத்தில் தாங்கும் என்று உளவியலறிஞர் நெல்சன் கோவன் 2001-இல் எடுத்துக்காட்டினார். எந்தச் சாளரத்தில் எது உள்ளது என்பதே அந்த இடத்தை நிரப்பிவிட்டால், கணக்கைச் சிந்திக்க இடமேது?

அருகருகே வைத்து ஒப்பிடும் வசதி வேர்டு 2003-இல் வந்தது. இரு ஆவணங்களும் ஒருங்கே நகரும்; பயனுள்ளதுதான். ஆனால், ஒன்றில் புதிய பத்தி சேர்ந்துவிட்டால் இரண்டும் பொருந்தாமல் போகின்றன. அது பக்கங்களை நகர்த்துகிறதே தவிர, பொருளைப் பின்பற்றுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஒரு பணிக்குரிய கோப்புகளை ஒரே உறையில் வைக்கலாம். பணிப்பட்டையில் நீண்ட பெயரின் தொடக்கம் மட்டுமே தெரிவதால், ‘இயற்பியல் வினாத்தாள் பழையது’ என்று பெயரிடாமல், ‘பழையது இயற்பியல் வினாத்தாள்’ என்று வேறுபாட்டை முன்னே வைப்பது நலம். பழைய தாளைப் படிக்க மட்டும் இயலும் வகையில் திறந்தால், தவறிப்போய் அதில் திருத்தம் செய்ய நேராது. கண்ட்ரோல் விசையுடன் எஃப்-6 விசையை அழுத்தினால் அடுத்த ஆவணத்துக்குச் செல்லலாம்.

இவை தற்காப்பு முறைகளே. ஓர் ஆவணத்தை எழுதுவதற்கு வேர்டு சிறந்த கருவி. பல ஆவணங்களால் ஆன ஒரு வேலையைச் செய்வதற்கு, அது இன்னும் பாதிக் கருவிதான்.