துதிப்பவனின் அயர்வு

இன்று தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியுள்ள திருநீர்மலையைப் பற்றிப் பேசப் புகும் உபந்யாஸகர்கள் பெரும்பாலும் ஓர் ஐதிஹ்யத்தோடு தொடங்குவர். திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்ய எழுந்தருளியபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். அது வடியும் வரை ஆறு மாதம் அருகே தங்கியிருந்து, பின்னரே ஸேவித்துப் பாடினார் என்பது ஸ்தல வரலாறு. அண்மைக்காலத்தில் இதனோடு ஒரு தாத்பர்யமும் ஒட்டிக்கொண்டது. மனம் எந்நிலையில் இருந்தாலும், காலம் எவ்வளவு ப்ரதிகூலமாயினும், எம்பெருமானைத் துதிப்பது என்று ஒருவன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும், அத்தீர்மானமே பக்தி என்பது அது. கேட்க இனிய வார்த்தைதான். பூர்வர்களின் ஸ்ரீஸூக்திகளுக்கு அருகே வைத்துப் பார்த்தால் இதில் ஒரு பாதி பொருந்துகிறது, மறுபாதி இடறுகிறது.

முதலில் திருமொழியையே நோக்க வேண்டும். பெரிய திருமொழி 2ஆம் பத்தின் 4ஆம் திருமொழி இத்திவ்யதேசத்துக்கு உரியது. திருநறையூரில் நின்றவனும், திருவாலியில் இருந்தவனும், குடந்தையில் கிடந்தவனும், திருக்கோவலூரில் நடந்தவனும் உறையும் இடம் இம்மலையே என்று முதற் பாசுரத்தில் அருளிச்செய்கிறார். அடிவாரத்தில் நின்ற திருக்கோலத்தில் நீர்வண்ணன். மலைமேல் வீற்றிருக்கும் சாந்த நரஸிம்ஹன், கிடந்த அரங்கநாதன், நடந்த உலகளந்தான். நான்கு திருக்கோலங்களையும் இன்றும் அங்கே ஸேவிக்கலாம். தொடரும் பாசுரங்களில் காண்டவ வனம் எரிந்ததும், கடலில் அணை கட்டியதும் வருகின்றன. ஒன்பதாம் பாசுரம் நம்மவர்களை விரைந்து வரும்படி அழைக்கிறது. ஆறு மாதக் காத்திருப்போ எங்குமே இல்லை. வழி மறித்த வெள்ளத்தின் மேல் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. ஆழ்வாரின் திருநாமம் பலச்ருதியில் மட்டும் வருகிறது. ஐதிஹ்யத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் கொண்டாடப்படும் காத்திருப்பை ஆழ்வார் பாசுரமாக்கத் திருவுள்ளம் பற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய மனநிலை அங்கே துதிக்குக் காரணமாகவும் சொல்லப்படவில்லை, தடையாகவும் சொல்லப்படவில்லை. அவன் உறையும் இடம் இது என்பதே பாடப் போதுமானதாயிருக்கிறது.

உள்ளம் நிறைந்தால்தான் துதி பிறக்கும் என்று கொள்வாரும் உண்டு. அவர்கள் நம்மாழ்வாரின் ஆறு மாதத்தையும் எண்ணிப் பார்க்கலாம். வெண்ணெய்க்காக உரலோடு கட்டுண்ட எளிமையை நினைந்த மாத்திரத்தில் ஆழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பர் பெரியோர். பாவம் உச்சத்தை அடைந்தபோது துதி பெருகவில்லை. வாய் அடைத்துப் போயிற்று. தெளிந்த பின்னரே மேலே பாடினார். ஆகவே உணர்ச்சியைத் துதியின் ஊற்று என்பதும் முழுதும் சரியாகாது. இவ்வளவில் உபந்யாஸகர் கூறும் முதற்பாதி பொருந்தும்.

இடறுவது தீர்மானம் என்னும் சொல்லில். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வாண்டு மார்கழி பிறந்தது டிசம்பர் 17 அன்று. நான்காம் நாளான 20ஆம் தேதி அநுஸந்திக்க வேண்டியது திருப்பாவையின் நான்காம் பாசுரம். உலகம் வாழ மழையைப் பெய்யச் சொல்லும் பாசுரம் அது! வீட்டுச் சுவரில் வெள்ளத்தின் கறை காயாத நிலையில் அதைச் சொல்பவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மனம் ஒட்டாத வாய்ச்சொல் கபடமாகாதோ என்று அவனுக்குத் தோன்றினால், நீ தீர்மானித்துவிட்டாய், அதுவே பக்தி என்னும் பதில் அவனைத் தேற்றாது. தீர்மானம் தளரும் நாளில் அவனுக்கு என்ன மிஞ்சும்? தீர்மானம் தளராத நாளிலோ அது தன் ஸாதனமாகிவிடும். ப்ரபந்நனுக்குத் துதி உபாயமன்று, ஸ்வரூபத்துக்குத் தகுந்த கைங்கர்யம் என்பதில் இரு கலையாருக்கும் வேற்றுமை இல்லையே.

இவ்விடத்துக்குப் பொருந்துவது குலசேகரப் பெருமாளின் திருமொழி. மலைநாட்டுத் திருவித்துவக்கோட்டு அம்மானை நோக்கிய ஐந்தாம் திருமொழியில், தான் தந்த துயரத்தை அவனே களையாவிடினும் வேறு புகல் இல்லை என்கிறார். அங்குள்ள உவமைகளின் வரிசையை ஊன்றிக் கற்றால் ஒரு போக்குப் புலப்படும். சினந்து தள்ளும் தாயையே நினைந்து அழும் குழவி முதலில். பின்னர் இகழத்தக்கன செய்யும் கணவனை விடாத குலமகள், துயர் செய்யும் அரசனின் செங்கோலையே நோக்கும் குடிகள், அறுத்துச் சுடும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளி. இந்நால்வரும் விருப்பம் என்ற ஒன்று உடையவர்கள், விலகவும் கூடியவர்கள். ஐந்தாவதாகக் கரை காணாது கப்பலின் கூம்புக்கே மீளும் பறவை வருகிறது. அது விலகிப் பார்த்தது, இடம் இல்லை. அதன் பின் வெய்யோனுக்கே மலரும் தாமரை, எத்தனை காலம் மழை பொய்த்தாலும் முகிலையே பார்த்திருக்கும் பயிர், கடலையன்றிப் புறத்தே நிற்க மாட்டாத ஆறுகள். இவற்றில் தீர்மானிப்பார் யார்? ஒன்பதாவதில் உவமையே திரும்பிவிடுகிறது: வேண்டாதவனைத் தானே வந்து தொடரும் செல்வம். விருப்பத்தில் தொடங்கி இயல்பில் சென்று சேர்கிறது இத்திருமொழி. துதிப்பவன் தன் திண்மையால் அங்கே நிற்கவில்லை. ஆறு கடலுக்குத்தான் போகும்.

பறவை மீண்டும் கூம்புக்கு வரும்போது களைத்துத்தான் வந்திருக்கும். அக்களைப்புக்கு ஆளவந்தார் இடம் தருகிறார். பெரியவாச்சான் பிள்ளையும் வேதாந்த தேசிகரும் தனித்தனியே வ்யாக்யானம் இட்டருளிய ஸ்தோத்ர ரத்னத்தின் தொடக்கத்தில், சிவனும் பிரமனும் அளக்க மாட்டாத மஹிமையைப் பாட எழுந்த வெட்கமற்ற கவியாகிய தமக்குத் தாமே ஒரு நமஸ்காரம் செய்துகொள்கிறார். (ஆசார்யர்கள் பரிஹாஸம் அறியாதவர்கள் என்று எண்ணுவோர் இதைப் படிக்கட்டும்.) உடனே ஸமாதானமும் சொல்கிறார். வேதங்களும் நான்முகனும் துதித்து முடித்தாரல்லர். பெருங்கடலில் முழுகும்போது அணுவுக்கும் மலைக்கும் என்ன வேறுபாடு? அடுத்த ச்லோகம் இன்னும் நுட்பமானது. துதிப்பவன் அவனுடைய இரக்கத்துக்கு இலக்காவது தன் ஆற்றலின் மிகுதியாலன்று, துதிப்பதால் உண்டாகும் அயர்வினாலே என்கிறார்.

இங்கே கணக்கே மாறிவிடுகிறது. உள்ளம் உருகாமல், குரல் வறண்டு, கோஷ்டியின் கடைசி வரிசையில் சாற்றுமுறை வரை உட்கார்ந்திருப்பவனின் களைப்பு துதியின் குறையாகாது. எம்பெருமானின் திருக்கண் சென்று விழும் இடமே அது. ஆளவந்தாரும் அதைத் தமக்கு அநுகூலமாகவே கொள்கிறார். மந்தபுத்தியுள்ளவனுக்கு அயர்வு எளிதில் வாய்க்குமாகையால், இந்த ஸ்தோத்ர முயற்சி தமக்கே தகும் என்று தாமரைக்கண்ணனிடம் விண்ணப்பித்துவிட்டு மேலே பாடத் தொடங்குகிறார்.