இரத்தத்தின் நிறமும் வரலாற்றின் நிறமும்: சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’ குறித்து

மஸ்கெலியாத் தோட்டப் பாடசாலைகளில் கற்ற எம் தலைமுறையினர்க்குச் சுஜாதா (1935–2008) பெருவிருப்புக்குரிய எழுத்தாளர். அட்டை கிழிந்த அவரது நூல்கள் லயத்துக்கு லயம் கைமாறின. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியைக் களமாகக் கொண்ட ‘ரத்தம் ஒரே நிறம்’ அவற்றுள் ஒன்று. ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எனக் குமுதத்தில் தொடங்கி, எதிர்ப்பினால் இடைநின்று, பின்னர் புதுப்பெயருடன் வெளிவந்த தொடர்கதை இது. இளவயதில் மூச்சுவிடாது வாசித்த இந்நாவல், மறுவாசிப்பில் ஏமாற்றமே தருகின்றது.

தந்தையைக் கொன்ற ஆங்கில அதிகாரி மக்கின்ஸியைப் பழிவாங்க வடக்கே செல்கிறான் தமிழ் இளைஞன் முத்துக்குமரன். கதை விறுவிறுப்பானது, நடை கூர்மையானது. எனினும் கிளர்ச்சி இங்கே துரத்தலுக்கான பின்னணித் திரையாகவே அமைகின்றது. வங்காளப் படையின் சிப்பாய்களுட் பெரும்பகுதியினர் அவத் பிரதேசத்து உழவர் குடும்பத்தினர். 1856இல் கும்பெனி அவ்வரசைக் கைப்பற்றியமை அவர்தம் நிலத்தையும் மானத்தையும் ஒருங்கே தாக்கியது. இத்தகைய காரணங்கள் பாத்திரங்களை இயக்கும் விசையாகவில்லை. பழியுணர்ச்சியே இயக்குகின்றது. தனிமனிதனின் விதியில் ஒரு காலகட்டத்தின் முரண்பாடுகள் வெளிப்படல் வேண்டும் என்பது வரலாற்று நாவல் பற்றி லூக்காஸ் வற்புறுத்திய கருத்து. அவ்வெளிப்பாடு இங்கு நிகழவில்லை.

தலைப்புணர்த்தும் மனிதநேயமும் ஆய்வுக்குரியது. எல்லார் இரத்தமும் சிவப்பே என்பது மெய். ஆயின், அடக்குவோன் சிந்திய குருதியையும் அடக்கப்பட்டோன் சிந்திய குருதியையும் ஒரே தட்டில் நிறுத்தும்போது, யார் எதற்காகக் கொன்றார் என்னும் வினா மறைகின்றது. சென்னையிலிருந்து படையுடன் சென்று அலகாபாத்தில் மக்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்கிலிட்ட நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. 1927இல் மக்கள் அதனை எதிர்த்துப் போராடினர். 1937இல் அது அகற்றப்பட்டது. அம்மக்கள் அவ்வினாவை மறக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

பிறிதொன்றும் உண்டு. முத்துக்குமரன் வடக்கே சென்ற அதே காலத்தில், பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட தமிழ் உழவர் ஆயிரக்கணக்கில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கடல் கடந்தனர். கிளர்ச்சியை ஒடுக்கியதும் தோட்டங்களை உருவாக்கியதும் ஒரே ஏகாதிபத்தியமே. அத்தொடர்பைச் சுட்ட ஒரு வரி போதுமாயிருந்தது. அது கிட்டாமையால், அம்முன்னோரின் வழிவந்த மலையக இளைஞர் தம் வரலாற்றைப் பிறர் சாகசமாகவே வாசிக்க நேர்ந்தது. எம் ஏமாற்றத்தின் வேர் இதுவே.