குத்திய விரலும் போகாத கிளினிக்கும்

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து இப்போது தாமானாகிவிட்ட ஓர் இடம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம். வரிசையில் நின்ற அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். விரலைக் குத்தினார்கள். ஒரு சொட்டு ரத்தம், சில வினாடி, கருவியில் 9.8.

“பசியாறிட்டு வந்தீங்களாக்கா?” என்றான் தொண்டூழியம் செய்யும் தம்பி.

“ரெண்டு தோசையும் தே ஓவும்தான்யா.”

“அப்போ கூடத்தான் காட்டும். எதுக்கும் கிளினிக்குல ஒரு தடவ பார்த்துருங்க.”

அக்கா சீட்டை நாலாக மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த ஆள் உட்கார்ந்தார்.

அந்த 9.8-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இனிப்பு நீர் இருக்கலாம். சீனி போட்ட தேநீரின் வேலையாகவும் இருக்கலாம். வெறும் வயிற்றில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, சர்க்கரை 7.0 மில்லிமோலைத் தொட்டாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 விழுக்காட்டை எட்டினாலோதான் பொதுவாக மலேசிய மருத்துவர்கள் நோயை உறுதி செய்வார்கள். அக்காவுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. அதைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இப்படிச் சொல்வதால் முகாம்களை ஏளனம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அப்போது தெரிந்திருக்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். ஆனால் அந்த 1 வெள்ளிக்குப் பின்னால் ஒரு நாள் சம்பளம், மோட்டாரில் கொண்டுபோய் விட ஒரு மகன், மலாய்ப் பாரத்தை நிரப்ப ஒரு பேத்தி எல்லாம் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் இவர்கள் யாரும் தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் போதும். பெரிய ஆஸ்பத்திரிகளால் தர முடியாத வசதி இது. 2013-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய கோஸ்பென் திட்டமும் இதை நம்பித்தான் ஊர்த் தொண்டூழியர்கள் கையில் கருவியைக் கொடுத்தது.

கருவியின் குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பன்னாட்டுத் தரவிதியே கூடக்குறைய 15 விழுக்காடு பிசகை ஏற்றுக்கொள்கிறது. உண்மையில் 7 உள்ளவருக்கு 6 என்றும் காட்டலாம், 8 என்றும் காட்டலாம். கருவி பழுது என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தசோகை உள்ளவருக்குப் பொதுவாகக் கூடுதலாகவே காட்டும். நம் பெண்களில் எத்தனை பேர் வெளிறிப்போய்த் திரிகிறார்கள் என்பது தெரிந்ததே. பேராவின் ஈரக்காற்றில் சோதனைப் பட்டைக் குப்பியைத் திறந்தே வைத்தால் பட்டை கெடும். ஒருமுறை சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் வாங்கித் தின்ற கையைக் கழுவாமல் நீட்டிய ஒருவருக்கு 14 காட்டியது. கை கழுவிவிட்டு வந்தார்; 6-க்கு இறங்கியது. அதற்குள் அவர் மனைவி அழுதுவிட்டார்.

இதையெல்லாம் பயிற்சியால் சமாளிக்கலாம். பயிற்சியால் சரியாகாதது வேறு. அதைப் புரிந்துகொள்ளப் பழைய தோட்டத்துக்குப் போக வேண்டும்.

அங்கே டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். 1923-இன் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் தலையில் மருத்துவப் பொறுப்பையும் வைத்தது. அதன் உருவம்தான் அவர். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி எடுப்பார், கொயினா கொடுப்பார். மறுநாள் காலை பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆள் இல்லையென்றால் லயத்துக்கே வந்து கதவைத் தட்டுவார். அதில் அக்கறையும் உண்டு, துரைக்கு ஆள் கணக்குக் காட்டும் அவசரமும் உண்டு. படுத்திருப்பவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்த டிரெஸர்களைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொல்லாத வசை இல்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் குத்தியவருக்கே குத்துப்பட்டவரின் வீடு தெரிந்திருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, சனங்கள் புந்தோங்குக்கும் செம்மோருக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறியபோது மருந்து தொலைந்து போகவில்லை. அது கிளினிக்கில் இருக்கிறது. தொலைந்தது மறுநாள் காலையில் கதவைத் தட்டிய கை.

சோதனைக்குப் பின் என்ன என்று முன்கூட்டியே யோசித்ததும் உண்டு. ஹெபடைடிஸ் சி விஷயத்தில் மலேசியா வேறு வரிசையில் போனது. 2017 செப்டம்பரில் சோஃபோஸ்புவிர் மருந்துக்கு அரசாங்கம் கட்டாய உரிமம் பிறப்பித்தது. காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்தின் சம்மதத்துக்குக் காத்திராமல் மலிவு மருந்தைத் தருவிக்க வழி திறந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து வந்து சேர்ந்த பிறகுதான், 2019-இல், சுகாதார கிளினிக்குகளில் விரல்குத்து விரைவுச் சோதனை பரவலானது. முதலில் மருந்து, பிறகு ஊசி. உனக்கு நோய் என்று சொன்ன வாயாலேயே, வா, குணப்படுத்தலாம் என்றும் சொல்ல முடிந்தது.

கோவிட் காலத்தில் எல்லாம் தலைகீழ். 2021 ஜூலையில் வீட்டிலேயே செய்துகொள்ளும் எச்சில் சோதனைக்கு அனுமதி கிடைத்தபோது ஒரு பெட்டி ஏறத்தாழ 40 வெள்ளி. ஊர்ப்புறங்களில் அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. அதாவது ஒரு தடவை துப்பிப் பார்க்க ஏறக்குறைய ஒரு நாள் கூலி. செப்டம்பரில் அரசாங்கம் 19.90 வெள்ளி என்று உச்சவரம்பு போட்டது. பிறகு விலை சரிந்தது. அதற்குள் டெல்டா அலை உச்சத்தைத் தொட்டுவிட்டது. ‘வீட்டிலேயே சோதனை’ என்பதில் எந்த வீடு என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இரண்டு அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் கோடு இரண்டாக விழுந்தால் யாரை எங்கே ஒதுக்குவது?

மலேரியா இன்னொரு பாடம். ஆப்பிரிக்கக் கிராமங்களில் விரைவுச் சோதனைப் பட்டை உயிர்காக்கும் கருவி. இங்கே 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா இல்லை. இருப்பது குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை மலேரியா. பட்டை அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. காட்டோரத்தில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு வருபவருக்கு இன்றைக்கும் கண்ணாடித் துண்டும் நுண்ணோக்கியும் வேண்டும், பிறகு ஆய்வக உறுதியும் வேண்டும். டிரெஸரின் பழைய சாமான் முழுக்கத் தோற்கவில்லை.

அன்றைக்குக் கோயில் முகாம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை பேருக்குச் சோதனை என்று பதாகையில் எண். எந்த முகாமிலும் அந்த எண்ணைக் கேட்காமலே சொல்கிறார்கள். எத்தனை பேர் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நானாகக் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்தவர்கள். திட்டம் போடும் மேலிடங்கள்தான் ஊசிக்கும் பட்டைக்கும் காசு ஒதுக்கிவிட்டு, பின்தொடர்வதை யாருடைய நல்ல மனசுக்கோ விட்டுவிடுகின்றன.

அதே தாமானில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் நிறுத்து எழுதிய கை. முகாமன்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தார். பெயர், எண், அதற்கு அடுத்த கட்டத்தில் ‘போனாரா’. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து விபூதி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பாராம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது நோட்டைக் காட்டினார். தோசை அக்காவின் பெயருக்கு நேரே சிவப்பு மையில், “மகன் மோட்டார் பழுது. அடுத்த வாரம் நானே கூட்டிப் போகிறேன்” என்று எழுதியிருந்தது.